மூன்று கட்டம்

சிம்மக்கல்லுக்குப் பின்னால், வைகைப் பக்கம் இறங்கும் சந்தில்
சிக்கந்தர் பாயின் காயலான் கடை.
கணக்கு எழுதுவது நான்.
உடைப்பது இருளாயி.

புதன்கிழமை ஒரு படிவம் வந்தது.
இருப்பில் உள்ள உலோகங்களை வகைப்படுத்துக:
அரியவை, அருமண், உத்திசார்.
மூன்று கட்டம். கீழே முத்திரைக்கு இடம்.

எங்கள் வகை வேறு.
கிலோ அறுநூறைத் தாண்டினால் உள்ளறை, பூட்டு.
தாண்டாவிட்டால் வாசல், மழை.

இருளாயி ஒரு ஹார்டு டிஸ்கைப் பிளந்தாள்.
பிறை வடிவில் இரண்டு காந்தம்.
ஒன்றை ஒன்று கவ்வியபோது
நடுவில் அவள் சுண்டுவிரல்.
"சனியன், நகத்தளவு இருந்துக்கிட்டு என்னா புடி புடிக்குது!"
நியோடிமியம், என்றேன். அருமண்.
"மண்ணுன்னா ஆத்துல கெடக்கணுமே?"

கிடக்கத்தான் கிடக்கிறது.
அந்தக் காலத்து வேதியியல்காரர்கள்
நீரில் கரையாத, நெருப்புக்கு அசையாத தூளையெல்லாம்
மண் என்று எழுதிவைத்தார்கள்.
பாய் பீடி பற்றவைக்கும் லைட்டர் கல்லில்
பொறியாகித் தெறிக்கும் சீரியம்
செம்பு அளவுக்குப் பூமியில் உண்டு.
ஆனால் ஓரிடத்தில் குவிந்திருக்காது, தனித்தும் இருக்காது.
மொத்தம் பதினேழு பேர்.
முக்கால்வாசிப் பேருக்கு ஒரே முகஜாடை,
எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே கூட்டுப் பட்டா.
பாகம் பிரிக்க அமிலம், மறுபடி அமிலம்,
தொட்டி மாற்றித் தொட்டி,
ஜில்லா கோர்ட்டில் வாய்தா வாங்கும் சொத்து வழக்கு மாதிரி.
தீர்ப்பு வரும்போது
பக்கத்துக் கிணறு கெட்டிருக்கும்.

அரிது என்ற சொல்லை அன்றைக்குத்தான் உற்றுப் பார்த்தேன்.
கிடைக்காததும் அரிது,
கிடைத்தும் கைக்கு வராததும் அரிது.
யாரோ முதலாவதை நினைத்துப் பெயர் வைக்க
தமிழில் எழுதியதும்
இரண்டாவது தானாக வந்து உட்கார்ந்துகொண்டது.

சரி, முதல் கட்டம்.
உடைந்த செல்போன் கண்ணாடியில் கண்ணுக்குத் தெரியாமல்
பூசியிருக்கிறதே இண்டியம்,
அதற்குச் சொந்தமாகச் சுரங்கம் கிடையாது.
துத்தநாகத்தின் வீட்டில் ஒண்டுக்குடித்தனம்.
துத்தநாகம் விற்காத வருஷம் இதுவும் வெளியே வராது.
காலியமும் அப்படித்தான், அலுமினியத்தின் பின்கட்டில்.
அதை இந்தக் கடையில் வைத்தால்
சித்திரை வரை தாங்காது,
மாசியிலேயே உருகி மேசையில் ஓடும்.
எழுதினேன்: அரியவை, எடை தெரியவில்லை.

மூன்றாவதில் பேனா நின்றது.
உத்தி. உலோகத்துக்கு ஏது உத்தி?
அது உருகும், துருப்பிடிக்கும், மின்சாரம் கடத்தும்.
மற்றதெல்லாம் அது இல்லாமல் போனால்
எவனுக்குத் தூக்கம் போகும் என்ற கணக்கு.
நாடு மாறினால் பட்டியல் மாறும்,
சண்டை முடிந்தால் சில பெயர் உதிரும்,
இன்னொரு சண்டைக்குத் திரும்பி வரும்.

"எனக்குத் தெரியும் அது," என்றாள் இருளாயி.
அவள் நாத்தனார் மேலூர்ப் பக்கம்.
பாறைக்கடியில் டங்ஸ்டன், ஏலம் விட்டாச்சு என்றதும்
தல்லாகுளம் வரை நடந்து வந்த கூட்டத்தில்
இவளும் பாதி வழியில் சேர்ந்துகொண்டாள்,
அரை நாள் கூலியை விட்டுவிட்டு.
உடைசல் கூடையிலிருந்து ஃபியூஸ் போன குண்டு பல்பை எடுத்து
காதருகே ஆட்டினாள்.
உள்ளே அறுந்த கம்பி கிணுங்கியது.
"இந்தத் தலைமுடிக்காகவா அம்புட்டு மலையக் கேட்டாய்ங்க?"

இந்தக் கம்பிக்காக இல்லை என்று சொல்லலாம்,
துளைக்கும் முனை, பீரங்கிக் குண்டு என்று.
சொல்லவில்லை.
அவள் அந்தப் பல்பை வாசலிலும் போடவில்லை,
உள்ளறையிலும் வைக்கவில்லை.
தராசுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

பாய் தொழுதுவிட்டு வந்து கேட்டார்,
"முடிஞ்சதாம்மா?"
ரெண்டு கட்டம் முடிஞ்சது பாய், என்றேன்.
விரலைக் கடித்த அதே காந்தத்தை எடுத்து
படிவத்தை இரும்பு பீரோவில் ஒட்டினேன்.
ஃபேன் காற்றில்
கீழ்ப்பாதி மட்டும் படபடத்துக்கொண்டிருக்கிறது.